புதிய நோயாளி

ஜெசிந்தாவுக்கு டைஃபாய்டு என்று, கழிவைச் சோதிக்கும் அவள் வீட்டு ஸ்மார்ட் கழிப்பறை காலையிலேயே மாநகராட்சிக்குத் தகவல் அனுப்பிவிட்டது. அடுத்த நிமிடமே அவளுடைய இடியாப்பக் கடையின் ஷட்டர் தானாக இறங்கிப் பூட்டிக்கொண்டது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவளுடையது.

சீல் வைக்க வந்த ஆய்வாளர், "உங்க கையால தெருவுக்கே சீக்கு பரவும்க்கா," என்றார்.

"என் கையாலயா? வாங்க சார், காட்டுறேன்."

தெருக்குழாயில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்தாள். அவரை இழுக்காத குறையாக வீட்டுக்குள் கூட்டிப்போய், அதை அப்படியே கழிப்பறையில் ஊற்றினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. "டைஃபாய்டு கிருமி உறுதி. புதிய நோயாளியின் பெயரைச் சொல்லவும்," என்றது கழிப்பறை.

ஜெசிந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மாநகராட்சித் தண்ணிக் குழாய்னு எழுதிக்க. இப்ப அவரு ஷட்டரை இறக்கு, பாப்போம்!"