ஐந்தாவது பார்சல்

"பிள்ளை, பார்சலை உடையும்" என்றார் தபால் கந்தோர் சோதிலிங்கம்.

சுந்தரி உடைத்தாள். இது ஐந்தாவது தடவை. பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். வேறு எவருடைய பார்சலையும் அவர் உடைக்கச் சொன்னதில்லை.

"உள்ளுக்கு என்ன?"

"சீடிங்க ஐயா. பன்னெண்டு. எம் பாட்டு."

"போட்டுக் காட்டும்."

பையிலிருந்த பிளேயரில் போட்டாள். கீச், கீச், டொக் என்று அது பாடியது. வரிசை சிரித்தது. வாசலில் நின்ற ஆமிக்காரனும் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இதுக்குப் பேர் பாட்டோ? கோழிக்குஞ்சைக் கூடைக்குள்ள போட்டு மூடினமாதிரிக் கிடக்கு. வைச்சிட்டுப் போம், நான் கட்டி அனுப்புறன்."

"எம் முன்னாலயே கட்டுங்களேன் ஐயா."

"எனக்கு வேலை படிப்பிக்க வேண்டாம்."

சுந்தரி ஹந்தானைத் தோட்டத்துப் பெண். கண்டி டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. பிள்ளைகள் விளையாடி எறிந்த கேம் மெசின்களின் சத்தத்தை மட்டும் வைத்து மெட்டுக் கட்டுவாள். சீடி அடிப்பது, அட்டை வரைவது, இன்டர்நெட்டில் ஆள் பிடிப்பது எல்லாம் அவளேதான். அங்கே அவள் 'தேயிலைப்பூச்சி'. இங்கே ஒருவரும் கேட்கவில்லை, ஜப்பானில் கேட்டார்கள். தன் சொந்தப் பெயரில் ஓர் இசைத்தட்டு வரவேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

"அந்தச் சோதிலிங்கம் யாழ்ப்பாணத்து மனிசன். தோட்டத்து ஆளுகளக் கண்டா அவருக்கு எளப்பந்தான்" என்றாள் கடையில் கூட வேலை செய்யும் றமீலா. "இல்லாட்டி ஆமிக்குச் சொல்லிக் குடுக்கிறாரோ, யாரு கண்டா?"

கொழும்பில் குண்டு வெடித்து ஆறு நாள். டவுனில் நாலு இடத்தில் சோதனை. யாரையும் நம்பக்கூடிய காலமில்லை.

மறுநாள், அவளுடைய சீடிகளை வாங்கி விற்கும் ஜப்பான் கடைக்காரரின் கடிதம் கம்ப்யூட்டரில் வந்திருந்தது.

'தேயிலைப்பூச்சிக்கு வணக்கம். நாலு பார்சலும் கிடைத்தன. உங்கள் உண்மைப் பெயரை அவற்றில்தான் கண்டோம். இசைத்தட்டில் சோதிலிங்கம் என்றே அச்சிடுகிறோம்.'

கூடவே ஒரு படம். பார்சலின் மூலையில், அழகான கையெழுத்தில், அனுப்புநர்: க. சோதிலிங்கம்.

"பாத்தியா, திருட்டுக் கெழவன்" என்றாள் சுந்தரி. கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கந்தோருக்கு ஓடினாள்.

கந்தோரில் வரிசை இல்லை. கவுண்டரில் சிவில் உடுப்புப் போட்ட இரண்டு பேர். அவர்கள் முன்னால் அவளுடைய ஐந்தாவது பார்சல் கிழிந்து கிடந்தது. அவர்கள் கொண்டுவந்த பிளேயரில் சீடி கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"என்ன தகவல் இது? யாருக்கு அனுப்பினாய்?" ஒருவன் சோதிலிங்கத்திடம் சிங்களத்தில் கேட்டான்.

"பாட்டு, மாத்தயா."

"செய்தது யார்?"

"நான்தான். என்ர பேர்தானே போட்டிருக்கு."

"அப்படியென்றால் நட. ஜீப்பில் ஏறு."

சோதிலிங்கம் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கவுண்டருக்கு வெளியே வந்தார்.

"ஐயா, அந்தப் பாட்டு..." சுந்தரியின் வாயிலிருந்து அவளையறியாமல் வந்துவிட்டது.

இருவரும் திரும்பினார்கள். "யார் இவள்? உனக்குத் தெரியுமா?"

சோதிலிங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார், முன்பின் காணாத ஆளைப் பார்ப்பதுபோல.

"ஆரோ தோட்டத்துப் பெட்டை, மாத்தயா. முத்திரை வாங்க வந்திருக்கும். பாட்டைப் பற்றி அதுக்கு என்ன தெரியும்?"