பெட்டிக்குக் கதகதப்பு
கனடாவின் சஸ்காட்சவன் சமவெளியில் காலை வெயில் பளீரென்று அடிக்கிறது. அதில் சூடு மட்டும் துளியும் இல்லை. பண்ணைவீட்டு வாசலில் வெர்னாவின் கார் பேட்டரி செத்துக் கிடக்கிறது. அதற்கு உயிர்கொடுக்க வேண்டிய கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரும் இரவெல்லாம் டிக்கியில் கிடந்து விறைத்துப்போய், சிவப்பு விளக்கைச் சிமிட்டுகிறது. வெர்னா அந்தப் பெட்டியைக் கோட்டுக்குள் திணித்து, வயிற்றோடு அணைத்தபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மூச்சு கண்ணாடியில் பனியாகப் படிகிறது. மகன் டார்சி கதவைத் திறந்து குனிகிறான். "இன்னிக்கும் கார் கிளம்பலேன்னா என்கூட டவுனுக்கே வந்துடறேன்னு சொன்னேல்லம்மா? பிடிவாதம் போதும், என் வண்டியில ஏறு." "சொன்னேன். இன்னிக்கு இன்னும் முடியலையே. கதவைச் சாத்துடா, குளிர் உள்ள வருது."

கோட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாள்; பச்சை எரிகிறது. இறங்கி, பெட்டியின் கவ்விகளைக் கார் பேட்டரியில் தானே மாட்டுகிறாள். உதவ நீண்ட மகன் கையை முழங்கையால் தள்ளுகிறாள். சாவியைத் திருப்புகிறாள். எஞ்சின் இருமுகிறது, முனகுகிறது, பிறகு உறுமிக்கொண்டு எழுகிறது. அவள் கவ்விகளைக் கழற்றி, பெட்டியை மறுபடி கோட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுக்கிறாள். "ராத்திரியில இது இனிமே டிக்கியில கிடக்காது. கட்டில்ல உங்கப்பா படுத்த பக்கம் காலியாத்தானே இருக்கு."