எத்தன வருசம்?

ரத்தம் படிந்த கத்தியைத் துணி துவைக்கும் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் குழந்தைசாமி. காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் பிரகதீஸ்வரி கைப்பேசியோடு வாசற்படியிலேயே நின்றாள். அக்கா செவந்தி காலேஜுக்குப் போகிறேன் என்றபோதும் அப்பா இப்படித்தான் வாயைத் திறக்காமல் இருந்தார். அந்த ஆவணியிலேயே அவளுக்குத் தாலி ஏறிவிட்டது.

பிரகதிக்குத் திருச்சிக் கல்லூரியில் கணிதத்தில் இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று மூன்று வருட பி.எஸ்சி. மற்றது எம்.எஸ்சி.யும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு. அவள் மனசு ஐந்தில்தான் கிடந்தது. இன்றைக்குள் ஒன்றை உறுதி செய்யாவிட்டால் இரண்டுமே போய்விடும்.

"அஞ்சுன்னு மட்டும் வாயத் தொறந்துராத," அடுப்படியிலிருந்து அம்மா சொர்ணம் முணுமுணுத்தாள். "மூணுக்கே என்ன ஆட்டம் ஆடப்போறாரோ."

பிரகதி இறங்கிப் போனாள். "அப்பா, திருச்சியில மேத்ஸ் கெடச்சிருக்கு. சேரட்டுமா?"

கத்தி நின்றது. அவர் நிமிரவில்லை. கல்லிலிருந்து சொட்டும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தன வருசம்?"

"மூணுப்பா."

"அதுக்கு மேல இழுக்காதுல்ல?"

"இழுக்காதுப்பா."

"அப்பப் படி." முதல் தடவையாகச் சிரித்தார். "போ, அம்மாவக் கொழம்பு கூட்டச் சொல்லு. ரெண்டு கோழி அடிச்சிருக்கேன்."

புதன்கிழமையில், விருந்தாளி யாரும் இல்லாத வீட்டில், இரண்டு கோழி. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, தன் படிப்புக்குத்தான் இந்தக் கொண்டாட்டம் என்று நினைத்ததும் பிரகதிக்குக் கண் நிறைந்தது. இந்த மனுஷருக்காக மூன்றே போதும் என்று உள்ளே போய்க் கைப்பேசியைத் திறந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே அப்பா யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"கேட்டுட்டேன் மாப்ளே. மூணே வருசந்தானாம். குவைத்துல ஒங்க காண்ட்ராக்டும் மூணுதானே? நீங்க வந்து எறங்கவும் அவ படிப்பு முடியவும் சரியா இருக்கும். இன்னைக்கி ஒங்க அம்மா வந்து பூ வச்சுட்டுப் போகட்டும். அவகிட்டயா? இன்னும் சொல்லலைங்க. சொன்னா மாட்டேன்னா சொல்லிரப்போறா?"

பிரகதியின் விரல் மூன்றின் மேல் அசையாமல் நின்றது. அடுப்படியில் மசாலா வதங்கும் வாசனை வந்தது. விரல் மெல்லக் கீழே நகர்ந்து, ஐந்து வருடப் படிப்பின் மேல் அழுந்தியது. உறுதி செய்யப்பட்டது என்று திரை சொன்னது.

"என்ன ஆத்தா, அமுக்கிட்டியா?" ஜன்னல் கம்பிக்கு அப்பால் அப்பாவின் முகம் கனிந்திருந்தது. கத்தி இன்னும் கையில் இருந்தது. "மூணு வருசந்தானே?"

"ஆமாப்பா. மூணே வருசந்தான்."