இருட்டடிப்பு வானம்

போர் தொடங்கியதிலிருந்து பம்பாய் செம்பூரில் இரவு விளக்குகள் எரிவதில்லை. ஜன்னல்களில் கறுப்புத் தாள். வீட்டின் பின்புறம் நயினார் தொலைநோக்கியைத் திருப்புகிறார். பல வருடங்களாகத் தேடிய ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் இன்றுதான் அகப்பட்டிருக்கிறது. “ஊரே பயந்து கெடக்கு, ஒங்களுக்கு வேடிக்கை” என்றபடி மனைவி சண்முகவடிவு குனிகிறாள். “நேராப் பாக்காத. ஓரக்கண்ணால பாரு, அப்பதான் தெரியும்.” “ஆமா, துண்ணூறு ஊதினாப்ல இருக்கு.” “பம்பாய்ல இப்பிடி இருட்டு கெடைக்குமா? இன்னும் பத்து நாள் நீடிச்சாப் போதும், படமே வரைஞ்சிருவேன்.” அவள் நிமிரவில்லை. தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து வரும் வார்டனின் விசில் கேட்டு அடங்குகிறது. “நம்ம பய எல்லையில நிக்கான்” என்கிறாள். “அவனுக்கும் இன்னும் பத்து நாளா?” விலகி உள்ளே போகிறாள். நயினார் குனிகிறார். கண் வைக்கும் கண்ணாடி நனைந்திருக்கிறது. துடைக்கக் கை எழவில்லை.