குச்சிக்கு அந்தப் பக்கம்

ஏரியில் மீன் பிடிக்க வந்த நாரையிடம், முன்பே அங்கே நின்றிருந்த கொக்கு கறாராகச் சொல்லிவிட்டது: "அதோ நட்டிருக்கிற குச்சிதான் எல்லை. தாண்டி வந்தேன்னா என் மீனெல்லாம் கலைஞ்சு போயிடும்."

"சரிங்கண்ணே" என்று நாரை தள்ளியே நின்றது.

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் கொக்குக்கு உறுத்தியது. பயல் நைசாக நகர்ந்து வருகிறானோ? பார்ப்பதற்காக ஓரடி எடுத்து வைத்தது. நாரை ஒரு கெண்டையை விழுங்கியது. அது யார் பக்கத்துக் கெண்டை? இன்னும் ஓரடி. நாரைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் மேலும் மேலும் நடந்தது.

"அண்ணே, என் காலை மிதிக்கிறீங்க."

"எல்லையைத் தாண்டினியா, திருட்டுப் பயலே!" என்று சீறிய கொக்கு குச்சியைத் தேடியது.

குச்சி அதன் முதுகுக்குப் பின்னால் தொலைவில் நின்றது. அதற்கும் அப்பால், காலையில் கொக்கு நின்ற இடத்தில், மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.