ஆயம்மாளின் பத்தியம்

இனி எந்த விரல்தான் மிச்சம் இருக்கிறது? இடக்கையை விரித்துப் பார்த்தபடி ஆயம்மாள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். மோதிர விரல் தொட்டாலே வலித்தது. காலைக் காபிகூட ஆகவில்லை, அதற்குள் கணவர் அரங்கநாதன் சர்க்கரை பார்க்கும் மெஷினோடு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

சென்னையில் இருக்கும் மகள் கலையரசி வாங்கிக் கொடுத்த மெஷின். தினமும் அதில் வரும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். எண் ஏறிவிடக் கூடாது என்பதில் அரங்கநாதன் காட்டிய அக்கறையைத் தெருவே மெச்சியது.

ஆயம்மாளுக்கு மூன்று வேளையும் கேழ்வரகும் பாகற்காயும்தான். விடிவதற்குள் தியாகதுருகம் கோட்டை மலை அடிவாரம் வரைக்கும் அவளை நடக்க வைத்தார். கரும்புக் கட்டை குத்திய கால்விரல் புண் இன்னும் ஆறாததால், அவர் மட்டும் மொபெட்டில் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தால், அவள் கண்ணில் படக் கூடாதென்று அவரே தின்று தீர்த்தார்.

"எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதே" என்று பக்கத்து வீட்டுக் காசியம்மாள் பெருமூச்சு விட்டபோது, ஆயம்மாள் சிரித்து வைத்தாள். ஏன் சிரித்தோம் என்று அன்று முழுக்கத் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. கலையரசி.

"அப்பா, டாக்டர்கிட்ட எல்லா போட்டோவையும் காட்டனேன். இன்னிக்கும் கம்மியா இருந்தா ஒரு மாத்திரைய நிறுத்திடலாம்னு சொல்றாரு."

அரங்கநாதனுக்கு முகமெல்லாம் பல். இதோ அனுப்புகிறேன் என்று போனை வைத்தார். ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, எந்த விரல் வலிக்காது என்று அவளிடம் அத்தனை கனிவாகக் கேட்டார்.

மாத்திரை நிற்கப்போகிறது. கீழே, அவருடைய கால்விரலில் சுற்றியிருந்த துணியை ஓர் ஈ விடாமல் வட்டமிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ஆயம்மாள், கையை மெல்ல இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னா, கைய இழுத்துக்கற? ஒரு சொட்டுதான. நீட்டு."

"மாட்டேங்க" என்றாள், குரலை உயர்த்தாமல். "இன்னிக்கு உங்க விரல்லயே குத்திக்குங்க. சக்கர இருக்கறது உங்களுக்குத்தான."