கொசுறு முந்திக்கொண்டது

“தின்னப் போவதில்லை என்றால் எதற்கய்யா அத்தனை பேரம் பேசினாய்?”

ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து முருங்கைக்கீரைக் கட்டு கத்தியது. வாங்கிவந்தவர் காதில் அது விழவில்லை. அவர் சோபாவில் சாய்ந்தபடி, முருங்கைக்கீரையின் மகிமை பற்றிய வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்னைத்தான் புகழ்கிறார்கள், அண்ணே!” என்றது கொசுறாக வந்த பச்சை மிளகாய்.

“புகழ்ந்து என்ன? பாதி இலை மஞ்சளாகிவிட்டது. நாளைக் காலையில் குப்பை வண்டிதான். உட்கார்ந்து உருவ நேரமில்லையாம், வீடியோ பார்க்க மட்டும் நேரமிருக்கிறதாம்!”

கதவு திறந்தது. கீரை நிமிர்ந்து நின்றது. உள்ளே வந்த கை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, நேற்றைய பரோட்டாப் பொட்டலத்தை எடுத்தது.

“வரட்டுமா தம்பி?” என்றது பரோட்டா. “எனக்கு உருவுகிற வேலை எல்லாம் கிடையாது. பிய்த்தால் போதும்.”

கை மறுபடியும் வந்தது. கொத்துப் பரோட்டாவுக்குக் காரம் வேண்டுமென்று மிளகாயையும் எடுத்துக்கொண்டது.

கீரைக்குப் பொறுக்கவில்லை.

“யோவ்! காசு கொடுத்து வாங்கிய என்னை விட்டுவிட்டு, சும்மா வந்தவனைத் தின்கிறாயா? போனைக் கீழே வை. தட்டை எடுத்துக்கொண்டு வா. மீதி இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. இப்போதே உட்கார்ந்து உருவு!”